எலிசபெத் ஜான்சன் வழக்கு: 1693இல் மரண தண்டனை, 2022இல் விடுவிப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி ஓரளவு படித்தவர்களுக்கு ஒரு கொடுமையான முரண் தெரிந்திருக்கும். 1692இல் அவற்றை விசாரித்த நீதிமன்றத்தில் “நான் சூனியக்காரி இல்லை” என்று கடைசிவரை சொன்னவர்கள் தூக்கில் தொங்கினார்கள். “ஆமாம், சாத்தானோடு ஒப்பந்தம் போட்டேன்” என்று சொல்லி, அந்தச் சொல்லை மாற்றாமல் இருந்தவர்கள் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. அவர்களில் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டும் அது நிறைவேறவில்லை. உண்மை சொன்னவருக்குக் கயிறு, பொய் சொன்னவருக்கு உயிர் என்பதுதான் நடைமுறையாக இருந்தது.

மாசசூசெட்ஸ் காலனியில், ஆண்டோவர் என்ற ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சனுக்கு அப்போது 22 வயது. அவர் ஒப்புக்கொண்டவர். சூனியப் பித்து அடங்கிவிட்டது, நீதிமன்றம் திருந்திவிட்டது என்று எல்லோரும் நினைத்த 1693 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கூட விசாரிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதே மாதத்தில் விடுதலையானார்கள். எலிசபெத் கடைசி நேரத்தில் உயிர் தப்பினார், 77 வயது வரை வாழ்ந்தார். ஆனால் அந்தத் தீர்ப்பு அவர் பெயரை விட்டுப் போக 329 வருடங்கள் ஆயின.

சேலம் கதையின் கடைசியில் சேர்க்கும் ஒரு துணுக்காகத்தான் இந்த வழக்கைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். தூக்குமேடை வரை போனவர்களின் வழக்குகளை விட இது அந்த நீதிமன்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

ஆண்டோவருக்குப் பரவிய விதம்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1692இன் தொடக்கத்தில் சேலம் கிராமத்தில், போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டுச் சிறுமிகளுக்கு வலிப்பு போன்ற ஏதோ ஒன்று வந்தது. அக்கம்பக்கத்துச் சிறுமிகளுக்கும் அது தொற்றியது. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது, கைதுகள் தொடங்கின. மே மாதம் புதிய ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியபோது சிறைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அவர் ஒரு சிறப்பு நீதிமன்றத்தை அமைத்து, துணை ஆளுநர் வில்லியம் ஸ்டோட்டனைத் தலைமை நீதிபதியாக்கினார். அந்த நீதிமன்றம் 19 பேரைத் தூக்கிலிட்டது. விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் மேல் பாறாங்கற்களை ஏற்றியே கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர்.

இந்தக் கணக்கில் சேலத்தின் பெயரே முன்னால் நிற்கிறது. ஆனால் எந்த ஊரையும் விட அதிகமானவர்கள் மேல் சூனியப் பழி விழுந்தது ஆண்டோவரில்தான். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். ஜோசப் பாலார்ட் என்பவரின் மனைவி நெடுநாளாக நோயில் கிடந்தார். கோடையில் பாலார்ட், காரணம் யார் என்று கண்டுபிடிக்க, சேலம் கிராமத்துச் சிறுமிகளை ஆண்டோவருக்கு வரவழைத்தார். மனைவி ஜூலை கடைசியில் இறந்துபோனார். அதற்குள் ஊருக்குள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பது தொடங்கிவிட்டது.

ஆண்டோவரில் முதலில் கைதானவர் மார்த்தா கேரியர். 1690இல் அந்த ஊரில் பரவிய பெரியம்மைக்கு அவர் குடும்பம்தான் காரணம் என்று ஊரார் ஏற்கெனவே கறுவிக்கொண்டிருந்தார்கள். அந்த மார்த்தா, ஊரின் மூத்த போதகர் ஃபிரான்சிஸ் டேனுக்கு மனைவி வழி உறவு. டேன் நாற்பது வருடங்களுக்கு மேல் அந்த ஊரில் போதகராக இருந்தவர், எழுபதைக் கடந்தவர். சூனிய விசாரணைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கோடையில் அவருடைய இரண்டு மகள்கள், ஒரு மருமகள், பேரக் குழந்தைகள் என்று வரிசையாகக் கைதானார்கள். எலிசபெத் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. எலிசபெத்தின் அப்பா ஸ்டீஃபன் ஜான்சன் இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அம்மாவின் பெயரும் எலிசபெத் ஜான்சன்தான். அவரும் கைதானார், 14 வயதுத் தம்பி ஸ்டீஃபன் கைதானான், 11 வயதுத் தங்கை அபிகெயிலும் கைதானாள்.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பது பின்னால் முக்கியமாகும்.

ஆகஸ்ட் வாக்குமூலம்

எலிசபெத்தை விசாரித்தது 1692 ஆகஸ்ட் 10ஆம் தேதி, மாஜிஸ்திரேட் டட்லி பிராட்ஸ்ட்ரீட் முன்னால். மறுநாள் சேலத்தில் தொடர்ந்தது. எலிசபெத் மறுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். மார்த்தா கேரியர்தான் தன்னை இதில் இழுத்துவிட்டார் என்றார். சேலம் கிராமத்தில் நடந்த சூனியக்காரர் கூட்டத்தில் 120 பேர் அளவுக்குப் பார்த்ததாகச் சொன்னார். அங்கே ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுத்தார்களாம். ஒரு போதகர் இருந்தாராம், குட்டையான ஆள், பெயர் பரோஸ் என்று நினைப்பதாகச் சொன்னார். கிறிஸ்துவின் ராஜ்யத்தைக் கவிழ்த்துச் சாத்தானின் ராஜ்யத்தை நிறுவ எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம்.

இந்த வாக்குமூலத்தை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். அதில் மையமாக வரும் இரண்டு பெயர்கள் மார்த்தா கேரியரும் ஜார்ஜ் பரோஸும். எலிசபெத் வாய் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பே அந்த இருவர் மேலும் குற்றம் தீர்ப்பாகிவிட்டது. ஆகஸ்ட் 19ஆம் தேதி இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பரோஸ் குட்டையானவர் என்பது ஊரறிந்த சங்கதி. சூனியக்காரர் கூட்டம், சாத்தானின் திருவிருந்து இதெல்லாம் அதற்கு முன் ஒப்புக்கொண்டவர்கள் சொன்ன அதே கதை. ஊர் வாயில் புழங்கிய ஒன்றை ஒரு பெண் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவர்களும் அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

அப்புறம் பொம்மைகள் வருகின்றன. எலிசபெத் சில பொம்மைகளை எடுத்துக் காட்டினார். இரண்டு கிழிந்த துணித் துண்டுகளால் ஆனவை, ஒன்று பிர்ச் மரப்பட்டையால் ஆனது. துணியைச் சுருட்டிச் சுற்றியிருந்தது, குண்டூசி குத்தியிருந்தது. இவற்றை வைத்துத்தான் ஆட்களைத் துன்புறுத்தினேன் என்றார். பிறகு விரல் மூட்டைக் காட்டி, சாத்தான் அனுப்பிய குட்டிப் பிசாசு இங்கேதான் பால் குடிக்கும் என்றார். அங்கே சிவந்த ஒரு புள்ளி இருந்தது.

கிழிந்த துணி, நூல், குண்டூசி. 17ஆம் நூற்றாண்டில் துணி தைக்கும் எந்த வீட்டிலும் மூலையில் கிடக்கும் சாமான்கள். விறகு அள்ளி, துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து வாழ்ந்த ஒரு பெண்ணின் விரல் மூட்டு சிவந்திருப்பதில் என்ன அதிசயம்? கேட்டவர்கள் மனதில் இந்தக் கேள்வி எழவில்லை. அவர்களுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய தடயம் கிடைத்துவிட்டது. ஆவி உருவத்தைக் கண்டேன் என்ற சாட்சியத்தை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருந்த வழக்குகளுக்கு நடுவில், கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு துணிப் பொம்மை எவ்வளவு கனத்தோடு நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் ஒப்புக்கொண்டார்? அடித்தார்களா என்பதை விட, என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதே இங்கே முக்கியம். அந்த ஜூலையில் கேரியரின் இரண்டு மகன்களை, கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும் நிலை வரைக்கும் வைத்திருந்தார்கள் என்று சிறையிலிருந்த ஜான் ப்ராக்டர் கடிதம் எழுதியிருக்கிறார். அது ஒரு பக்கம். மறு பக்கம், ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. மகளிடம் தாயும், மனைவியிடம் கணவனும் “ஒப்புக்கொண்டுவிடு” என்று கெஞ்சினார்கள். அன்பால்தான் கெஞ்சினார்கள்.

டேன் இதை நேராகவே எழுதினார். 1693 ஜனவரி 2ஆம் தேதியிட்ட அவருடைய கடிதத்தில், பேத்தி எலிசபெத் இயல்பிலேயே கொஞ்சம் அறிவு மட்டுப்பட்டவள் என்கிறார். ஒப்புக்கொண்டால் விடுதலை என்று பரவிய பேச்சு பலரைக் கண்ணியில் சிக்கவைத்தது என்று அஞ்சுவதாகவும் சொல்கிறார். ஆவி உருவச் சாட்சியத்தைத் தவறாத அடையாளமாக நம்பியது அளவு மீறிப் போய்விட்டது என்றும் எழுதினார். மறுநாள் சேலத்தில் நீதிமன்றம் கூட இருந்தது. குடும்பத்தில் இத்தனை பேர் சந்தேகத்தில் சிக்கியிருக்கும்போது, அந்த வயதில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஜனவரி விசாரணை

இடையில் நிலைமை மாறியிருந்தது. அக்டோபர் கடைசியில் ஃபிப்ஸ் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குப் பதில் புதிதாகச் சட்டம் இயற்றி உயர் நீதிமன்றம் ஒன்றை அமைத்தார்கள். 1693 ஜனவரி 3ஆம் தேதி அது சேலத்தில் கூடியது. தலைமை நீதிபதி அதே ஸ்டோட்டன். ஆனால் சாட்சிய விதி மாறியிருந்தது. “இன்னாருடைய ஆவி உருவம் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது” என்று பாதிக்கப்பட்டவர் சொல்வது மட்டும் இனி போதாது. அந்த மாதிரிச் சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்று ஜூரியிலிருந்த ஒருவர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்ற பொருளில்தான் நீதிபதிகளிடமிருந்து பதில் வந்தது.

அந்த ஒரு சாட்சியம் விலகியதும் வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சேலத்தில் விசாரணைக்கு வந்த சுமார் 50 பேரில் மூன்று பேர் தவிர எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். எலிசபெத்தின் அம்மாவும் விடுதலை. அந்த மூவர் எலிசபெத் ஜான்சன், மேரி போஸ்ட், சாரா வார்ட்வெல்.

ஏன் இந்த மூவர்? அந்தக் காலத்தில் வாழ்ந்து, இந்த வழக்குகளைக் கடுமையாக விமர்சித்து எழுதிய பாஸ்டன் வணிகர் ராபர்ட் கேலெஃபுக்கும் இது புரியவில்லை. இவர்களில் இருவர், தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அறிவு மங்கியவர்கள் என்று எழுதுகிறார். விடுதலையானவர்களுக்கு எதிராக இல்லாத எது இவர்களுக்கு எதிராக வந்தது என்று தெரியவில்லை என்கிறார். அரசு வழக்கறிஞரும் அதையே ஆளுநரிடம் சொன்னார். மற்றவர்களை விடுவிக்க என்ன காரணம் இருந்ததோ, அதே காரணம் இந்த மூவருக்கும் இருக்கிறது என்றார்.

இங்கே மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இன்னொரு இளம்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எலிசபெத்தை விடச் சில வயது இளையவர். அவரும் கைதானதும் பயந்து ஒப்புக்கொண்டார். சொந்தத் தாத்தா மேலும் பரோஸ் மேலும் பழி சொன்னார். அவர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்ட மறுநாள் சிறையிலிருந்து தந்தைக்குக் கடிதம் எழுதினார். மனசாட்சி பொறுக்காமல் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுவிட்டார் அவர். செப்டம்பர் விசாரணைக்கே வந்திருந்தால், திரும்பப் பெற்ற குற்றத்துக்காகவே தூக்கிலிட்டிருப்பார்கள். ஆண்டோவரைச் சேர்ந்த சாமுவேல் வார்ட்வெலுக்கு அதுதான் நடந்தது. வாக்குமூலத்தை மாற்றினார், செப்டம்பர் 22இல் தூக்கு. மேலே சொன்ன சாரா அவருடைய மனைவி. மார்கரெட்டுக்குத் தலையில் ஒரு கட்டி வந்து விசாரணை தள்ளிப்போனது. ஜனவரியில் இதே நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இப்போது வழக்கின் முடிச்சுக்கு வரலாம். ஆகஸ்டில் பிழைக்க வேண்டுமென்றால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரியில் பிழைக்க வேண்டுமென்றால் அதே வாக்குமூலம் கழுத்தை இறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவி உருவச் சாட்சியம் போனபிறகு ஜூரி முன்னால் மிஞ்சுவது குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயால் சொன்னதும், கையால் எடுத்துக் காட்டியதும்தான். காற்று எப்போது திசை மாறியது, எதைச் சொல்லலாம், எதை எப்போது மறுக்கலாம் என்று கணித்துப் பேசத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். எலிசபெத்தால் அது முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன். முதலில் கேட்டவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொன்ன பெண், இரண்டாம் முறை கேட்டவர்களுக்கு வேறு பதில் வேண்டியிருக்கிறது என்பதை எப்படி அறிவார்? அவருக்காக அதைப் புரிந்துகொண்டு பேச வழக்கறிஞர் யாரும் இல்லை. அந்த விசாரணைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் வைக்கும் வழக்கம் இல்லை. பேத்தியின் நிலையை எழுத்தில் சொன்ன தாத்தாவின் கடிதமும் ஜூரியைத் திருப்பவில்லை.

ஸ்டோட்டன் தாமதிக்கவில்லை. இந்த மூவரோடு, முந்தைய நீதிமன்றத்தில் தீர்ப்பாகித் தப்பியிருந்த ஐந்து பேரையும் சேர்த்து உடனே தூக்கிலிட வாரண்டில் கையெழுத்துப் போட்டார். அந்த ஐவரில் எலிசபெத்தின் சித்தி அபிகெயில் ஃபாக்னரும் உண்டு என்று கருதலாம். வயிற்றில் குழந்தை இருந்ததால் செப்டம்பரில் அவர் தண்டனை தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஃபிப்ஸ் எட்டுப் பேரின் தண்டனையையும் நிறுத்திவைத்தார். சேதி சார்ல்ஸ்டவுனில் அமர்விலிருந்த ஸ்டோட்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும், அவர் ஆத்திரம் தாங்காமல் நீதிமன்றத்தில் உட்கார மறுத்துவிட்டார். அதை ஃபிப்ஸே பிப்ரவரி 21 தேதியிட்ட கடிதத்தில் லண்டனுக்கு எழுதினார். ஸ்டோட்டன் தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்ததாகப் பதிவே கிடையாது. அவரோடு உட்கார்ந்த நீதிபதிகளில் சாமுவேல் சூவல் 1697இல் சபை நடுவே எழுந்து நின்று பொறுப்பேற்றார். எலிசபெத் துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்ட ஆன் பட்னம்கூட 1706இல் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டார். 1692இல் அவள் 12 வயதுச் சிறுமி.

பட்டியலில் விடுபட்ட பெயர்

எலிசபெத் ஆறு மாதம் சிறையில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினார். ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, தீர்ப்பு ரத்தாகவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் மரண தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவருக்குக் குடியுரிமைகளும் சொத்துரிமையும் எப்போது வேண்டுமானாலும் கேள்விக்குள்ளாகலாம். சித்தி அபிகெயில் தன் நிலையைப் பற்றிப் பின்னாளில் அரசுக்கு எழுதிய மனுவில், அந்தப் பழி தன் தலைக்கு மேல் இன்னும் நிற்பதைச் சொல்லி அதை நீக்கக் கேட்டார். ஆண்டோவர் போன்ற சிறிய ஊரில், பழி சொன்ன அதே முகங்களுக்கு நடுவே ஞாயிறுதோறும் தேவாலயத்தில் உட்கார வேண்டியவருக்கு அது வெறும் காகித விவகாரம் அல்ல.

1711 அக்டோபரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 22 பேரின் தீர்ப்பை ரத்து செய்து சட்டம் இயற்றியது. அந்த டிசம்பரில் 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்டஈடும் ஒதுக்கியது. சித்தியின் பெயர் இருந்தது. கூடவே தண்டனை பெற்ற மேரி போஸ்டின் பெயர் இருந்தது. எலிசபெத்தின் பெயர் இல்லை.

அடுத்த பிப்ரவரியில், 1712இல், எலிசபெத் பெயரில் ஒரு மனு போனது. சேலம் நீதிமன்றத்தில் எனக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, பதிவேட்டைப் பார்த்தால் தெரியும், ஆனால் சட்டத்தில் என் பெயர் சேர்க்கப்படவில்லை, தயவுசெய்து சேர்க்க வேண்டும், நெடுநாள் சிறையில் இருந்த செலவுக்கும் ஏதாவது தர வேண்டும் என்பது அதன் சாரம். மனுவில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. விடுபட்டதைச் சேர்த்துவிடுங்கள் என்று பணிவாகக் கேட்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. பெயர் சேர்க்கப்படவில்லை.

எப்படி விடுபட்டது? அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பதால் குழம்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ‘எலிசபெத் ஜான்சன்’ விடுதலையானவர்தானே என்று ஒரு எழுத்தர் நினைத்திருந்தால் போதும். இந்த விளக்கம் எனக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. ஆனால் 1712 மனுவுக்குப் பிறகும் சேர்க்காததை அது முழுவதாக விளக்கவில்லை. மனு தெளிவாகத்தான் இருந்தது.

எலிசபெத் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1747இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. மற்றவர்களுக்காக வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். அப்படித்தான் 1957இல் ஒரு தீர்மானம் வந்தது. அதில் ஆன் புடியேட்டர் என்ற ஒரு பெயர் மட்டும் இருந்தது, மற்றவர்கள் ‘வேறு சிலர்’ ஆனார்கள். 2001இல் இன்னும் ஐந்து பெண்களின் பெயர்களைச் சேர்த்தார்கள். அந்த ஐவரும் தூக்கிலிடப்பட்டவர்கள். உயிர் தப்பியவர், வாரிசு இல்லாதவர், தாயின் பெயரைக் கொண்டவர் என்று மூன்று காரணங்களும் சேர்ந்து எலிசபெத்தை ஒவ்வொரு முறையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தின.

கடைசியில் கேட்டது பள்ளிப் பிள்ளைகள். பழைய ஆண்டோவரில் டேன் போதித்த பகுதி இன்று வடக்கு ஆண்டோவர் என்ற தனி ஊர். அந்த ஊரின் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள், குடிமையியல் பாடத்தின் பகுதியாக இந்த வழக்கைக் கையில் எடுத்தார்கள். ஆவணங்களைப் படித்தார்கள், சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மாநில செனட்டர் டயானா டிஸோக்லியோ அதைச் சட்டமன்றத்தில் முன்வைத்தார். தனி மசோதாவாக நகராமல், மாநில வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து நிறைவேறியது. 2022 ஜூலையில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்டபோது, பழைய தீர்மானத்தில் எலிசபெத் ஜான்சனின் பெயர் சேர்ந்தது. அவர் 1712இல் கேட்டதும் அந்த ஒரு வரியைத்தான்.